மீட்ட தேதி

பெரிய வியாழன் மதியம்
கோயிலில் யாரும் இருப்பதில்லை.
பல்பொடி, கிழித்த வேட்டித்துண்டு,
ஒரு சொம்பு தண்ணீர்.
வெள்ளிப் பாத்திரத்தை மடியில் வைத்துத் தேய்க்கிறேன்.
முதுநகர் உப்புக்காற்று
வெள்ளியையும் விடுவதில்லை,
பங்குனிக்குள் கறுத்துவிடும்.

விளிம்பு துலங்கிவிட்டது. தண்டும்.
அடியில் மட்டும்
ஊசியால் கீறிய எண்,
முன்னூற்றுப் பதினெட்டு.
எவ்வளவு தேய்த்தாலும் போகாது.
எவ்வளவு அழுத்தித் தேய்ப்பது என்பது
என் கையில்தான் இருக்கிறது,
அது வேறு.

மாங்கிலால் சேட்டு கீறியது.
பதினாறு வருஷத்துக்கு முன்
மஞ்சள் பையில் சுற்றி
கோயில்பிள்ளை நானே கொண்டுபோய் வைத்தேன்.
உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்து
"கோயில் சாமானா?" என்றார்.
"வீட்டுச் சாமான்."

பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி
முள்ளோடையில் கரைந்தது அந்தக் காசு.
எல்லைக்கு அந்தப் பக்கம் சரக்கு மலிவு.
திரும்பும் கடைசி பஸ்ஸில்
இறங்கும் ஊரைக் கண்டக்டருக்குச் சொல்ல வராமல்
கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

சபையில் கேட்டார்கள்.
"பாண்டிக்கு முலாம் பூசக் கொடுத்திருக்கு."
முதல் ஞாயிறு
எவர்சில்வர் டம்ளரில் திருவிருந்து நடந்தது.
ஐயர் அதை உயர்த்தியபோது
பொறித்திருந்த எழுத்து எல்லோருக்கும் தெரிந்தது:
ரத்தினபாய் திருமணத்துக்குத் தாய்மாமன் அன்பளிப்பு.
யாரும் சிரிக்கவில்லை.
நான் துண்டை மடித்தேன், பிரித்தேன்,
மறுபடி மடித்தேன்.

பெரிய வியாழன் காலை
வட்டிக்கும் காணாத காசோடு
சேட்டுக் கடை ஏறினேன்.
அவர் நோட்டை என் பக்கம் திருப்பினார்.
மீட்ட தேதி: முந்தாநாள்.
மீட்டவர்:
பெயர் இல்லை.
ஊதா மையில் ஒரு கட்டைவிரல்.

"சீட்டு கொண்டுவந்தாங்க, குடுத்துட்டேன்."
சீட்டு என் சட்டைப்பையில் இருந்தது,
இருப்பதாக நினைத்திருந்தேன்.
எந்தெந்தத் தெருவில் விழுந்து கிடந்தேனோ,
யார் யார் தூக்கிவிட்டார்களோ.
"யாரு சேட்டு?"
"முதலும் வட்டியும் சரியா இருந்துச்சு.
அதுக்கு மேல நான் கேக்கறதில்ல."

சாயங்காலம்
அலமாரியில், அதே மஞ்சள் பையில்.

இரவு
கிராதியோரம் வரிசையாக முழங்காலிட்டார்கள்.
முகம் பார்க்கத் துணிவில்லை,
விரல்களைப் பார்த்தேன்.
நெத்திலி ஆய்ந்து ஆய்ந்து வெடித்த
சாலம்மாளின் விரல்.
தபால் முத்திரை குத்திக் குத்தியே
ஊதாவாகிப்போன யோவேலின் விரல்
(அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்).
சிப்காட் அமிலம் தின்றதில்
ரேகையே இல்லாத எலியேசரின் விரல்.
என் மனைவி குளோரியின் விரலில்
சொட்டு நீலம்,
என் சட்டையை அலசியதாக இருக்கலாம்.
எல்லா விரலிலும் ஏதோ ஒரு கறை.
எதைப் பார்த்தாலும்
அதுதான் என்று தோன்றியது.

கடைசியில் நான்.
பாத்திரத்தை ஐயர் என் வாய்க்குச் சாய்த்தபோது
முன்னூற்றுப் பதினெட்டு
அவர் உள்ளங்கைக்குள் இருந்தது.

அன்றோடு குடியை விட்டேன் என்று
சாட்சி சொல்ல ஆசைதான்.
இல்லை.
ஆடியில் மறுபடி முள்ளோடை.
ஐப்பசி அடைமழையில் இன்னொரு தடவை,
அந்த முறை சாக்கடையில்.
பிறகு எப்போதோ நின்றது.
அதற்குத் தேதி இல்லை.
மீட்ட தேதிக்கு மட்டும் தேதி உண்டு.
அது
எல்லாவற்றுக்கும் முந்தியது.

சேட்டு கடையை மூடி ஊருக்குப் போய்விட்டார்.
நோட்டு எங்கே என்று யாருக்கும் தெரியாது.
சாலம்மாள் இல்லை, யோவேலும் இல்லை.
குளோரியிடம் நான் கேட்டதே இல்லை.
கேட்டால்
நன்றி ஒருவரோடு முடிந்துவிடும்.

மாற்றலாகி வந்திருக்கும் புது ஐயர்
போன வாரம் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்தார்.
"என்ன கீறல் இது?
பாண்டியில குடுத்து முலாம் பூசினா
மறைஞ்சிடுமே?"

"வேணாங்க ஐயா," என்றேன்.
"பாண்டிக்கு ஒரு தடவை
போய் வந்தாச்சு."